ஹென்றி கூப்பரின் புருவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிரிட்டனின் முன்னாள் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புதன்கிழமை அதற்கு மறுப்பாக வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வயதில் தூக்கம் கெடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்றாலும், இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் இரண்டு இரவு கெடும் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொல்வது இது: முகமது அலியைக் கீழே தள்ளிய கை கூப்பருடையது. அலியின் ஆட்கள் கையுறையைக் கிழித்து மூன்று நிமிடம் இழுத்தடித்திராவிட்டால் உலகப் பட்டம் அன்றே கூப்பருக்குத்தான். மறுத்து எழுதிய வாசகர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறார்: 14 முறை தோற்ற ஒருவரைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரையா என்று கேட்கிறார். ஒருவர் தோளில் தூக்கி வைத்து ஆடுகிறார், மற்றவர் தரையில் போட்டு மிதிக்கிறார். அந்த மனிதரின் முகத்தை இருவருமே உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். புகைப்படத்தில்தான். ஆனாலும் ஒரு தொழிற்காரனின் கண்ணோடு பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 76. அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், கண்ணப்பர் திடலிலும் ராயபுரம், வியாசர்பாடிப் பக்கங்களிலும் குத்துச்சண்டை நடந்த இரவுகளில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு மேடையின் மூலையில் நின்றிருக்கிறேன். எந்தப் பரம்பரை (வடசென்னைக் குத்துச்சண்டைக் குழு) என்று கேட்காதீர்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று மூன்று பரம்பரைக்காரர்களின் இரத்தமும் என் சட்டையில் ஒரே நிறமாகத்தான் காய்ந்தது. என் மனைவி எல்லாவற்றையும் ஒரே கல்லில்தான் துவைத்தாள்.

கூப்பர் எனக்கு அறிமுகமானது பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டு மூலமாக. என் அப்பாவுக்கு நண்பர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். லண்டனிலிருந்து கப்பலில் வரும் குத்துச்சண்டை வார இதழ்களை, இரண்டு மூன்று மாதம் பழையதாகிவிட்ட பிறகும், தேதி வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பார். முடிவைத் தெரிந்துகொள்ள அடுத்த இதழைப் புரட்டுவது அவர் கணக்கில் பாவம். 1963 ஜூன் 18 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் கூப்பரும் அலியும் மோதிய போட்டியை நான் அதே ஆண்டு செப்டம்பரில்தான் 'பார்த்தேன்', அவர் வீட்டுத் திண்ணையில். எனக்கு அப்போது 14 வயது. பிற்பாடு விட்டுப்போன இதழ்களை மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கினேன். 1985 தீ விபத்தில் அந்தக் கடைகளோடு என் இளமையும் கொஞ்சம் எரிந்தது. அது வேறு கதை.

முதலில் கையுறை. 1963-இல் அலி அலியாகவே இல்லை, அப்போது அவர் பெயர் காசியஸ் கிளே. வயது 21. உலக சாம்பியனும் இல்லை. தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்த வாயாடி இளைஞன், அவ்வளவுதான். உலகப் பட்டம் அப்போது சன்னி லிஸ்டனிடம் இருந்தது. கிளே அதைப் பறித்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில். ஆகவே வெம்பிளியில் கூப்பரே வென்றிருந்தாலும் அவர் இடுப்புக்கு எந்த உலகப் பட்டமும் வந்திருக்காது. கட்டுரையாளர் இதைச் சரிபார்த்திருக்கலாம்.

நான்காம் ரவுண்டின் கடைசி நொடிகளில் கூப்பரின் இடது ஹூக் (முழங்கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) கிளேயின் தாடையில் விழுந்தது. கிளே பின்பக்கக் கயிற்றில் சரிந்து கீழே போனார். எழுந்தார்; மணி அடித்தது. மூலையில் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, கையுறைத் தையலில் ஏற்கெனவே இருந்த சிறு பிளவை விரலால் பெரிதாக்கி நடுவரிடம் காட்டினார். இதை டண்டியே பின்னாளில் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். மயக்கம் தெளிவிக்கும், பிரிட்டனில் தடை செய்யப்பட்டிருந்த முகர்வு உப்பையும் கிளேயின் மூக்கில் காட்டினார்கள். இவை தவறுகள்தான். ஆனால் மூன்று நிமிடம்?

கட்டுரை வந்த அன்று மாலை பேரனின் கைப்பேசியில் அந்தப் போட்டியின் பழைய படச்சுருளைப் போடச் சொன்னேன். என்னிடம் சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது. விநாடி முள் இன்னும் நேர்மையாக ஓடுகிறது. மணி அடித்ததும் முள்ளைப் பார்க்கத் தொடங்கினேன். அடுத்த மணிக்கு 66 விநாடி. "தாத்தா, மறுபடியும் பார்க்கலாம்" என்றான் பேரன். அவனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இரண்டாம் முறை 65. மூன்றாம் முறை அவனுடைய கைப்பேசிக் கடிகாரமும் என் எச்.எம்.டி.யும் சேர்ந்து 66 என்றன. ரவுண்டுகளுக்கு நடுவே கொடுக்கப்படும் ஓய்வே 60 விநாடி. டண்டி சம்பாதித்தது ஐந்தாறு விநாடி. கையுறையை மாற்றவும் இல்லை. கிழிந்த அதே கையுறையோடுதான் கிளே ஐந்தாம் ரவுண்டுக்கு வந்தார். அறுபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் தேநீர்க்கடைக்குத் தேநீர்க்கடை அந்த ஐந்தாறு விநாடி வளர்ந்து மூன்று நிமிடமாகிவிட்டது. நம் ஊரில் கிணற்றில் பார்த்த பாம்பு தெருமுனைக்கு வருவதற்குள் மலைப்பாம்பாவதில்லையா, அதுபோல.

கிளேயைக் காப்பாற்றியது கையுறை அல்ல. மணியும் கயிறும். அந்த ஹூக் மேடையின் நடுவில் விழுந்திருந்தால், ரவுண்டில் இன்னும் முப்பது விநாடி மிச்சமிருந்தால், வேறு விதமாக முடிந்திருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொன்று இருக்கிறது. அந்தக் குத்து விழுவதற்கு முன்பே, மூன்றாம் ரவுண்டிலேயே, கூப்பரின் இடது கண்ணுக்கு மேல் கிழிந்துவிட்டது. இரத்தம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கையுறையை மாற்றி, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்திருந்தாலும் அந்தப் புருவம் ஒட்டியிருக்காது. ஐந்தாம் ரவுண்டில் கிளே அந்த இடத்தையே தேடித் தேடிக் குத்தினார். நடுவர் டாமி லிட்டில் நிறுத்தினார். படத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். நான் அந்த மூலையில் இருந்திருந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு நானே துண்டை வீசியிருப்பேன்.

புருவம் கிழிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். புருவத்துக்கு அடியில் உள்ள எலும்பின் விளிம்பு சிலருக்கு மழுங்கி இருக்கும், சிலருக்குக் கத்தி முனை போல நிற்கும். இரண்டாம் வகைக்காரர்களுக்கு வெளியிலிருந்து கையுறையும் உள்ளிருந்து அவர்களுடைய சொந்த எலும்பும் சேர்ந்து தோலை நடுவில் வைத்து நறுக்கும். பலமான அடியே தேவையில்லை, உரசலே போதும். தைத்து ஆறினாலும் அந்த இடத்தில் வருவது வடுத்தோல். அடுத்த முறை அதைவிட எளிதாகப் பிரியும். தைரியம், பயிற்சி, உணவு எதற்கும் இதில் பங்கு இல்லை. பெற்றோர் கொடுத்த எலும்பு.

ஒரு மூலைக்காரனுக்கு (வீரரின் மூலையில் நின்று காயம் அடைப்பவனுக்கு) ஒரு நிமிடம் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. வீரர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசியில் எழுந்து போகிற நேரம் கழித்தால் நாற்பது விநாடிதான் மிஞ்சும். அதற்குள் ஈரத்துணியால் ஒரே துடைப்பு. ஆயிரத்துக்கு ஒன்று அட்ரினலின் கரைசலில் நனைத்த பஞ்சுக் குச்சியைக் காயத்தின் மேல்விளிம்பில் அல்ல, உள்ளே அடியில் வைத்து விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நாலு பேர் கத்துவார்கள். ஒருவர் வீரரின் வாயில் தண்ணீர் ஊற்றுவார், அது உங்கள் கையில் வழியும். அழுத்தத்தை எடுக்கவே கூடாது. 'நின்றுவிட்டதா' என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் இந்தத் தொழிலின் முதல் எதிரி. கடைசிப் பத்து விநாடியில் வாசலினைக் காயத்துக்கு மேல் மெழுகு போலப் பூசி அனுப்ப வேண்டும்.

1978-ஆக இருக்கலாம், கண்ணப்பர் திடலில் ஓர் இரவு. காசிமேட்டைச் சேர்ந்த ஒரு பையன், மீன்பிடிக் குடும்பம். கூப்பரைப் போலவே புருவ எலும்பு. இரண்டாம் ரவுண்டில் அரை அங்குலம் கிழிந்தது. நான் அடைத்தேன். நடுவர் வந்து கேட்டபோது "தாங்கும்" என்றேன். பையன் ஜெயித்துக்கொண்டிருந்தான், எனக்கும் கையில் கொஞ்சம் கர்வம் இருந்தது. மூன்றாம் ரவுண்டில் எதிராளியின் முதல் ஜாப்பிலேயே (முன்கையை நேராக நீட்டித் தட்டும் குத்து) காயம் புருவத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாய் பிளந்தது. வெள்ளையாகத் தெரிந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அன்று அவனுக்கு ஏழு தையல். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு வேறு யாரையும் பழி சொல்ல முடியாது. அவன் பிறகு ஆட்டோ ஓட்டினான். இன்றைக்கும் நண்பர்தான், கடைசியில் அவரிடம் வருகிறேன்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூப்பரின் 14 தோல்விகளைப் பார்த்தால், மறுப்புக் கடிதம் எழுதிய நண்பருக்குச் சில விஷயங்கள் சொல்லலாம். கூப்பர் தொழில்முறையில் 55 போட்டிகள் ஆடினார். 40 வெற்றி, அவற்றில் 27, எதிராளி தொடர முடியாமல் போட்டி பாதியில் முடிந்து பெற்றவை. ஒன்று டிரா. 14 தோல்வி. அந்தப் பதினான்கில் நான்கு, காயத்தால் நிறுத்தப்பட்டவை: 1955-இல் பாசிலியேரி, 1956-இல் பீட்டர் பேட்ஸ், பிறகு அலியிடம் 1963-இலும் 1966-இலும். ஐந்து, பாயிண்ட் கணக்கில். ஒன்று, விதிமீறல் என்று தகுதி நீக்கம்.

மிச்சம் நான்கு. இந்த நான்கைக் கூப்பரின் ரசிகர்கள் பேச்சில் எடுப்பதே இல்லை. ஜோ பைகிரேவ்ஸ், இங்கமார் ஜோஹான்சன், ஸோரா ஃபோலி, ஃப்ளாய்ட் பேட்டர்சன். நால்வரும் கூப்பரை நாக்கவுட் செய்தவர்கள். புருவம் ஒன்றும் குறுக்கே வரவில்லை. தரையில் கிடந்தார், பத்து எண்ணினார்கள். ஜோஹான்சனும் பேட்டர்சனும் உலக சாம்பியனாக இருந்தவர்கள் அல்லது ஆகப்போகிறவர்கள். ஃபோலி பட்டம் வெல்லாத முதல் தரக்காரர். அதாவது உலகத்தின் உச்சியில் இருந்தவர்களின் சுத்தமான அடி விழுந்தபோது கூப்பரால் தாங்க முடியவில்லை. 'தோல் மட்டும் கெட்டியாக இருந்திருந்தால்' என்று சொல்பவர்களோடு நான் பாதி தூரம்தான் வருவேன். அவருக்குத் தோலும் போதவில்லை, எடையும் போதவில்லை. 1963-இல் அவர் எடை ஏறத்தாழ 84 கிலோ. கிளே பத்துக் கிலோ கூடுதல். இன்றைய கணக்கில் கூப்பர் ஹெவிவெயிட்டே அல்ல, அதற்குக் கீழே 90 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில் ஆடியிருப்பார். அந்தப் பிரிவு அவர் காலத்தில் இல்லை.

அவருடைய மேலாளர் ஜிம் விக்ஸுக்கு இது தெரியும். லிஸ்டனோடு போட்டி என்ற பேச்சு வரும்போதெல்லாம் தட்டிக்கழித்தார். கோழைத்தனம் என்று அப்போதே சிலர் எழுதினார்கள். எனக்கு அது சுத்தமான புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. தன் மூலையில் உட்காரப்போகிற முகம் எப்படிப்பட்டது என்று அறிந்தவர் செய்கிற காரியம்.

சரி, அப்படியானால் என்னதான் இருந்தது அவரிடம்? இடது கை. கூப்பர் பிறவியில் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்களின் நிலையில் நின்று ஆடினார். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் இடதுகைப் பையன் வந்தால் உடனே வலது காலை முன்னே வைத்து நிற்கச் சொல்வார்கள். கூப்பரை அப்படி மாற்றாமல் விட்டார்கள், அதுதான் அதிர்ஷ்டம். பலமான கை முன்னால் வந்துவிட்டது, எதிராளியின் தாடைக்கு ஒரு முழம் பக்கத்தில். அதே கையால் ஜாப் ஜாப் என்று தட்டிக்கொண்டே இருப்பார். எதிராளி அடுத்ததும் ஜாப்தான் என்று நினைக்கும் கணத்தில் முழங்கை வளைந்து அது ஹூக்காக வந்து சேரும். புறப்படும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. லண்டன்காரர்கள் அதைச் சுத்தியல் என்றார்கள். வலது கை? இருந்தது, கணக்குக்கு இரண்டு கை வேண்டுமே.

அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் கட்டியதைப் பாருங்கள். 1956 இறுதியிலிருந்து 1957 வரை தொடர்ந்து நான்கு தோல்வி. 23 வயதில் எவனும் மூட்டை கட்டிவிடுவான். அடுத்த ஆண்டே உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்த ஸோரா ஃபோலியைப் பாயிண்டில் வென்றார் (ஃபோலி 1961-இல் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார், அது மேலே சொன்ன நாக்கவுட்). 1959 ஜனவரியில் பிரையன் லண்டன் என்ற வீரரை 15 ரவுண்டில் வென்று பிரிட்டிஷ், காமன்வெல்த் பட்டங்களை எடுத்தார். அதற்குப் பின் 1971 வரை பிரிட்டிஷ் வீரர் யாராலும் அவரை வெல்ல முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டு! நம் பரம்பரைகளில் நட்சத்திர வீரர் என்று தலையில் தூக்கியவர்கள் எத்தனை பேர் பன்னிரண்டு பொங்கல் தாங்கினார்கள்?

எனக்குப் பிடித்த கூப்பர், அலியோடு ஆடிய கூப்பர் அல்ல. ஜோ எர்ஸ்கினோடு ஆடியவர். வேல்ஸ்காரரான எர்ஸ்கின் அடி வாங்காமல் ஆடும் கலைஞர். முதல் இரண்டு சந்திப்பிலும், 1955, 1957, கூப்பரைப் பாயிண்டில் சுற்றவிட்டார். அடுத்த மூன்றிலும் கூப்பர் அவரைப் பாதியிலேயே நிறுத்தி வென்றார். 1959 நவம்பர் போட்டியின் புகைப்படம் ஒன்று பெரம்பூர் மாமா சுவரில் ஒட்டியிருந்தார்: எர்ஸ்கின் கீழ்க் கயிற்றின்மேல் முதுகு வளைந்து, துவைத்துக் காயப்போட்ட வேட்டி போலத் தொங்குகிறார். தன்னைவிடக் கெட்டிக்காரனிடம் இரண்டு முறை பாடம் கேட்டுவிட்டு, மூன்றாம் முறை பரீட்சை எழுதிய மாணவன் கூப்பர். ஒரு வீரரின் திறமையை அளக்க எனக்கு அந்த ஒற்றை மின்னல் குத்தைவிட இந்த ஐந்து போட்டிகள் உதவுகின்றன.

1966 மே 21, ஹைபரியில் ஆர்சனல் கால்பந்து மைதானத்தில் நடந்ததுதான் உண்மையான உலகப் பட்டப் போட்டி. அலி அதற்குள் பாடம் படித்துவிட்டார். அந்த இடது கையைக் கண்ணிலிருந்து விடவே இல்லை. பக்கத்தில் வந்தால் கட்டிப்பிடித்தார், பிரியும்போது பின்னால் துள்ளினார். ஆறாம் ரவுண்டில் புருவம் பிளந்தது. முடிந்தது. அலி மாதிரி ஒருவர் ஒரு போட்டி முழுக்க ஒரு மனிதரின் ஒரு கைக்குப் பயந்து ஆடினார் என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

அலியைப் பற்றிப் பேசும்போது சென்னையை விட முடியாது. 1980-இல் அவர் இங்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கூட்டத்துக்கு யாரைப் பார்ப்பது என்று கழுத்து வலித்தது. நான் கேலரி டிக்கெட். ராயபுரத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் போனோம், அடி விழும் என்று நம்பி. விழவில்லை, விளையாட்டுக் காட்டினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். எனக்கு மட்டும் கண் அலிமீது இல்லை. அவர் எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், 1968 முதல் இரண்டு ஆண்டு டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) உலக சாம்பியன். 1969-இல் கூப்பர் அவரோடு பட்டத்துக்கு ஆடத் தயாரானார். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் டபிள்யூ.பி.ஏ.வை அங்கீகரிக்க மாட்டோம் என்று மறுத்தது. கோபத்தில் கூப்பர் பிரிட்டிஷ் பட்டத்தையே திருப்பிக் கொடுத்தார். அந்தப் போட்டி நடக்கவே இல்லை. எல்லிஸ் அடிப்படையில் பெரிய உடம்பில்லாதவர், மிடில்வெயிட்டாகத் தொடங்கி வளர்ந்தவர். கூப்பர் வென்றிருக்கக்கூடிய உலகப் பட்டம் என்று ஒன்று இருந்தால் அது வெம்பிளியில் கிழிந்த கையுறைக்குள் இல்லை. இந்த மனிதரின் இடுப்பில் இருந்தது. 35 வயதிலும் அந்த ஹூக் எல்லிஸைத் தொட்டிருக்கும் என்று நேரு ஸ்டேடியத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "யாருங்க கூப்பர்?" என்றார்.

கடைசிப் போட்டியைப் பற்றி ஒரு பத்தி, பிறகு விட்டுவிடுகிறேன். 1971 மார்ச் 16. எதிரே ஜோ பக்னர், ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன், 21 வயது. கூப்பருக்கு 37 நெருங்குகிறது. அக்காலத்தில் பிரிட்டனில் நடுவர் ஒருவரே தீர்ப்பாளர். பதினைந்து ரவுண்டு முடிவில் ஹாரி கிப்ஸ் கொடுத்த கணக்கு: பக்னர் 73¾, கூப்பர் 73½. கால் பாயிண்ட். கூப்பர் அத்தோடு கையுறையைக் கழற்றினார். கிப்ஸோடு பல ஆண்டு பேசவில்லை. நம் திடலில் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருந்தால் முதலில் நாற்காலிகள் பறந்திருக்கும், பிறகு நான் வேலை தொடங்கியிருப்பேன். கட்டுரையாளர் இதைத் திருட்டு என்கிறார். படத்தில் பார்த்தவரை நானும் கூப்பருக்குத்தான் கொடுப்பேன், ஒரு ரவுண்டு வித்தியாசத்தில். ஆனால் அதே பக்னர் பிற்பாடு அலியோடு இரண்டு முறை முழு ரவுண்டுகளும் நின்றார். அவர் ஒன்றும் கிள்ளுக்கீரை அல்ல.

என் தரவரிசையைக் கேட்டால்: பிரிட்டன் பெற்ற ஹெவிவெயிட்டுகளில் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பக்கத்தில் கூப்பரை வைக்கவே கூடாது, லூயிஸ் வேறு உலகம். ஃப்ராங்க் புருனோ 1995-இல் உலகப் பட்டம் எடுத்தவர், உடம்பு இரண்டு கூப்பர். ஆனாலும் இருவரும் ஒரே எடையில் பிறந்திருந்தால் நான் கூப்பர் மூலையில்தான் நிற்பேன். 1937-இல் ஜோ லூயிஸோடு பதினைந்து ரவுண்டும் நின்ற டாமி ஃபாருக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குச் சரியாக இருக்கும். ஐரோப்பாவில் முதல் தரம், உலகில் முதல் பத்துக்குள் நெடுநாள், உச்சியில் ஒரு படி குறைவு. இதைச் சொல்வதால் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை. பிரிட்டிஷ் சாம்பியனுக்குக் கொடுக்கும் லான்ஸ்டேல் பெல்ட் மூன்றைச் சொந்தமாக்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர். பிற்காலத்தில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் போட்ட பணம் மூழ்கியபோது 1993-இல் மூன்றையும் ஏலத்தில் விட்டுக் கடனைக் கட்டினார். ஆடிக்கொண்டிருந்தபோதே வெம்பிளியில் காய்கறிக் கடை வைத்திருந்தார். என் தங்கை மகன் அங்கேதான் இருக்கிறான்; அதே வெம்பிளியில் இப்போது முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கிறதாம். 2000-இல் சர் பட்டம். 2011 மே 1, 77-ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார்.

இதை எழுதி முடித்துவிட்டு, மேலே சொன்ன ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வலது புருவத்தில் இன்னும் அந்த ஏழு தையலின் கோடு இருக்கிறது. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். "அண்ணே, கையுறையைக் கிழித்தவன் பெயரை எழுதியிருக்கிறீர்கள், நடுவர் பெயரை எழுதியிருக்கிறீர்கள். கூப்பர் புருவத்தைப் பல வருஷம் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் யார்?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் பெயர் டேனி ஹாலண்ட். 1963-இலும் மூலையில் இருந்தவர் அவர்தான். அட்ரினலினை வாசலினோடு குழைத்துத் தானே மருந்து செய்துகொள்வார் என்று படித்துவிட்டு நானும் அதேபோல் குழைத்துப் பார்த்திருக்கிறேன். சென்னை வெயிலில் உருகி ஓடியது. கடிதம் நீளம் என்று தோன்றினால் மூர் மார்க்கெட், முருங்கைக்காய் எல்லாவற்றையும் தாராளமாக வெட்டிவிடுங்கள். 66 விநாடியையும் இந்தப் பெயரையும் மட்டும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பவுண்டர்,
ராயபுரம், சென்னை - 13.